பழைய இயந்திரப் படகு நேராக ஓடுவதற்கு வழி என்ன?

பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆறு, கேரித் தீவைப் பெருநிலத்தினின்று பிரிக்கும் லங்காட் ஆறு, தெலுக் இந்தானைத் தழுவிச் செல்லும் பேராக் ஆறு ஆகியவற்றின் கரையோரங்களில் தோட்டங்கள் பல உண்டு. இத்தகைய இடங்களில் வாழ்வோர்க்குச் சிறிய இயந்திரப் படகு ஓர் ஆடம்பரப் பொருளன்று. ஓய்வு நேரத்தில் மீன் பிடித்து வீட்டுச் செலவைக் குறைப்பதற்கும், அக்கரையிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று வருவதற்கும் அது துணையாகிறது. தந்தை வாங்கிய படகை மகன் பயன்படுத்துவதும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த படகை ஒருவர் மலிவாக வாங்கிப் புதுப்பிப்பதும் எங்கும் காணக்கூடியவையே.

அவ்வாறு பெற்ற படகுகள் பல, ஓடத் தொடங்கியதும் தம் குறையைக் காட்டிவிடும். ஒன்று முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். மற்றொன்று ஒருபுறமாகச் சாய்ந்தே செல்லும். வேறொன்று கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தினால் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். இத்தகைய குறைகளைக் கண்டவுடன், "இயந்திரம் பழையதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று கூறுவோர் உளர். பெரும்பாலான வேளைகளில் குறை இயந்திரத்தின் உள்ளே இருப்பதில்லை. அது பொருத்தப்பட்டிருக்கும் முறையிலோ, படகின் எடையிலோ, அடித்தளத்திலோ, விசிறியிலோ இருக்கும். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, பின்னரே செலவுள்ளவற்றுக்குச் செல்வது அறிவுடைமையாகும். அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும். ஒரு பக்கமாக இழுக்கும் படகில் ஓட்டுபவரின் கை நழுவினால், இயந்திரம் தானே திரும்பிப் படகை வட்டமாகச் சுழற்றும். ஓட்டுபவர் நீரில் எறியப்படுவார். ஆளில்லாத படகோ தொடர்ந்து சுற்றிச் சுற்றி, அவர் விழுந்த இடத்துக்கே திரும்பி வரக்கூடும். ஆதலால், "பழைய படகு அப்படித்தான் இருக்கும்" என்று குறையோடு பழகிக்கொள்வது தவறு.

புறப்பொருத்து இயந்திரத்தின் வரலாறு

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் இயந்திரத்தை அவுட்போர்டு இயந்திரம் என்று நாம் அழைக்கிறோம். தமிழில் புறப்பொருத்து இயந்திரம் எனலாம். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார், 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இவ்வகை இயந்திரங்களைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். இதனை முதன்முதலாகச் செய்தவர் அவர் அல்லர் எனினும், மக்களிடையே பரவச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஜப்பானின் யமஹா நிறுவனம் தன் முதல் புறப்பொருத்து இயந்திரத்தை 1960ஆம் ஆண்டில் வெளியிட்டது. எவின்ரூட் பெயரில் இயந்திரம் செய்யும் பணி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே, பழைய எவின்ரூட் வைத்திருப்போர் உதிரிப் பாகங்களைத் தேடிப் பேணி வைத்துக்கொள்வது நன்று.

பழைய சிறு படகுகள் பெரும்பாலும் எடை குறைந்த இரண்டு வீச்சு இயந்திரங்களை மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. இன்று பரவலாக விற்கப்படும் நான்கு வீச்சு இயந்திரங்கள், அதே குதிரைத் திறனுக்குப் பொதுவாகக் கூடுதல் எடையுள்ளவை. பழைய படகில் புதிய இயந்திரத்தை மாட்டியவுடன் பின்புறம் தாழ்ந்து போவதற்கு இதுவே காரணம். குதிரைத் திறனை மட்டும் பார்த்து இயந்திரம் வாங்காமல், எடையையும் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

படகு ஓடும் முறை

குறையைக் கண்டறிய வேண்டுமாயின், குறையில்லாத படகு எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் கூறுவது தமிழ் மரபு. மெதுவாகச் செல்லும்போது படகு நீரைப் பிளந்துகொண்டு செல்லும். வேகம் கூடும்போது அணியம் சற்று உயரும். மேலும் விசை கொடுத்தால், அடித்தளத்தைத் தாக்கும் நீர் படகையே மேலே தூக்கிவிடும். அப்போது படகு நீரைப் பிளப்பதை விட்டு, நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கும். இந்நிலையில் படகின் பின்பாதியே பெரும்பாலும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எனவே, படகின் நடத்தையை முடிவு செய்பவை மூன்று. முதலாவது, எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பது. இரண்டாவது, அடித்தளத்தின் பின்பகுதி நேராக இருக்கிறதா என்பது. மூன்றாவது, விசிறி எந்தத் திசையில், எந்த ஆழத்தில் தள்ளுகிறது என்பது. இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் ஓட்டம் கெடும்.

முதற்சோதனை: நின்ற நிலையில் பார்த்தல்

படகை அமைதியான நீரில் மிதக்கவிட்டு, எரிபொருள், மின்கலம், நங்கூரம் ஆகியவற்றை வழக்கமான இடங்களில் வைத்து, ஆள் ஏறாமல் கரையிலிருந்து பாருங்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அமரம் மிகவும் தாழ்ந்திருக்கிறதா? படகின் பக்கத்தில் பழைய நீர்க்கோட்டின் கறை இருந்தால், இப்போதைய நீர்மட்டம் அதற்கு மேலே இருக்கிறதா? நீர்மட்டம் மேலே ஏறியிருப்பின், படகு முன்னைவிடக் கனத்துவிட்டது என்பது பொருள்.

பழைய கண்ணாடியிழைப் படகுகளில், தரைக்கு அடியில் மிதவைக்கென நுரைப் பொருள் நிரப்பப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் மழைநீர் கசிந்தால் அந்நுரை நீரை ஈர்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். அறுபது லிட்டர் நீர் உள்ளே தங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எப்போதும் படகில் அமர்ந்திருப்பதற்கு அது சமம். அந்நீர் பெரும்பாலும் பின்புறத்திலேயே தேங்குவதால், இயந்திரத்தின் எடையோடு சேர்ந்து அமரத்தை மேலும் அழுத்தும். ஐயமிருப்பின், இழுவண்டியோடு படகை எடைமேடையில் நிறுத்தி, பின்னர் இழுவண்டியை மட்டும் நிறுத்திக் கழித்துப் பார்க்கலாம். செம்பனை ஆலைகளில் உள்ள எடைமேடைகள் சிறு வேறுபாட்டைக் காட்டமாட்டா எனினும், படகு பெருமளவு நீரைக் குடித்திருந்தால் அதனைக் காட்டிவிடும்.

எளிய மாற்றங்களை இங்கேயே செய்யலாம். இருபத்தைந்து லிட்டர் பெட்ரோல் நிறைந்த தொட்டி, கலனின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ இருபது கிலோகிராம் இருக்கும். அதனையும் மின்கலத்தையும் பின்மூலையிலிருந்து நடுப்பகுதிக்கு நகர்த்தினாலே பல படகுகள் சீராகிவிடும். குழாயும் கம்பியும் நீளம் போதாவிடில் புதியவை வாங்கிப் பொருத்த வேண்டும். ஒட்டுப் போடுதல் கூடாது.

பின்பலகையின் வலிமை

இயந்திரத்தின் முழு எடையையும், அது தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது பின்பலகையே. கண்ணாடியிழைப் படகாயினும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும். திருகாணி செல்லும் துளைகளின் வழியே நீர் புகுந்தால், வெளித்தோற்றம் பளபளப்பாக இருக்கும்போதே உள்மரம் உளுத்துப் போகும். அத்தகைய பலகை விசை கொடுக்கும்போது வளையும். வளையும்போது விசிறியின் கோணம் தானே மாறும். எந்தத் திருத்தம் செய்தாலும் படகு நிலைகொள்ளாமல் ஆடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதனைச் சோதிக்க மூன்று வழிகள் உள்ளன. திருப்புளியின் பிடியால் பலகை முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். அடுத்து, கரையில் படகை நிறுத்தி, இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஒருவர் அசைக்கும்போது மற்றொருவர் பலகையின் மூலைகளை உற்றுப் பார்க்க வேண்டும். பலகை அசைந்தாலோ, வெடிப்பு விரிந்தாலோ அது பழுதானது. இறுதியாக, படகின் உட்புறத்திலிருந்து சிறு துளையொன்றை மறுபுறம் செல்லாதபடி இட்டுப் பாருங்கள். வெளிவரும் மரத்தூள் உலர்ந்து வெளிறி இருந்தால் நலம்; கறுத்து ஈரமாக இருந்தால் பலகையை மாற்ற வேண்டும். சோதனைக்குப் பின் துளையை எப்பாக்சிப் பசையால் அடைத்துவிட வேண்டும்.

உளுத்த பின்பலகையின் மேல் இரும்புத் தகட்டை அடித்து மறைப்பது சிலரின் வழக்கம். நோயை மூடி வைப்பது மருத்துவமாகாது. இயந்திரம் பலகையோடு பெயர்ந்து ஆற்றில் விழுந்த செய்திகள் கேள்விப்படாதவை அல்ல. இப்பணியைப் படகுத் தச்சரிடம் ஒப்படைப்பதே முறை.

இயந்திரம் மாட்டப்பட்டுள்ள இடமும் உயரமும்

பலகை உறுதியாக இருப்பின், இயந்திரம் சரியான நடுவில் உள்ளதா என்று இரு பக்கங்களிலிருந்தும் அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் சரிசெய்வது நல்லது. பிடிதிருகுகள் ஓட்டத்தின் அதிர்வால் தளரும் இயல்புடையவை. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அவற்றை இறுக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயரம். விசிறிக்குச் சற்று மேலே, இயந்திரத்தின் கீழ்த்தண்டில் தட்டையான தகடு ஒன்று இருப்பதைக் காணலாம். மேற்பரப்புக் காற்று விசிறிக்குள் இறங்காமல் தடுப்பதே அதன் பணி. இதனைக் காற்றுத் தடுப்புத் தகடு என்போம். நேரான நீண்ட சட்டமொன்றைப் படகின் அடித்தளத்தோடு சேர்த்துப் பின்னால் நீட்டிப் பாருங்கள். அத்தகடு சட்டத்தின் மட்டத்திலோ, இரண்டரை சென்டிமீட்டர் வரை மேலேயோ இருத்தல் பொதுவாகப் பொருத்தமான நிலை. அதனினும் மிக மேலே இருந்தால் வளைவுகளில் விசிறி காற்றை விழுங்கும். மிகத் தாழ்ந்திருந்தால் நீரின் இழுப்புக் கூடி வேகம் குறையும், நீர் பின்பலகையின் மேல் தெறிக்கும், திருப்புவதும் கடினமாகும்.

புறப்பொருத்து இயந்திரங்கள் குட்டைத் தண்டு, நீளத் தண்டு என இரு வகையில் பரவலாகக் கிடைக்கின்றன. முன்னது ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமுள்ள பின்பலகைக்கும், பின்னது ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் உயரமுள்ள பின்பலகைக்கும் உரியவை. மலிவாகக் கிடைத்ததென்று பொருந்தாத தண்டுடைய இயந்திரத்தை வாங்கி மாட்டியதே பல பழைய படகுகளின் நோய்க்கு மூலமாகும்.

மேலும், விசிறிக்கு நேர் முன்னே அடித்தளத்தில் எதுவும் துருத்திக்கொண்டிருத்தல் ஆகாது. மரப்படகுகளின் நடுவில் ஓடும் அடிக்கட்டை பின்பலகை வரை தடித்தே வந்தால், அதனைத் தாண்டி வரும் நீர் கலங்கி, குமிழியோடு விசிறியைச் சேரும். அடிக்கட்டையின் பின்முனையைச் சரிவாக இழைத்து மெலியச் செய்தால் இக்குறை நீங்கும்.

அணியம் எழுந்து எழுந்து அடித்தல்

ஓடும்போது படகின் முன்புறம் கடற்பன்றியைப் போல் எழுந்து எழுந்து விழுவது பழைய படகுகளில் மிகவும் பரவலான குறை. இதனைத் தீர்க்க முதலில் நாட வேண்டியது கோண ஆணியை. இயந்திரத்தின் பிடிச்சட்டத்தில் வரிசையாகச் சில துளைகள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் செருகப்பட்ட ஆணியே இயந்திரம் எந்தச் சாய்வில் நிற்பது என்பதை முடிவு செய்கிறது. ஆணி பின்பலகைக்கு அருகிலுள்ள துளையில் இருந்தால் விசிறி உள்நோக்கி வந்து அணியத்தைக் கீழே அழுத்தும். வெளித் துளையில் இருந்தால் அணியத்தை மேலே தூக்கும்.

ஆகவே, முன்புறம் எழுந்து அடிக்கும் படகில் ஆணியை ஒரு துளை உள்நோக்கி மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறை தீரவில்லையெனில், பின்னாலுள்ள எடையை முன்னே நகர்த்துங்கள். இதனையும் அளவோடு செய்ய வேண்டும். ஆணியை மிகவும் உள்ளே வைத்தால் அணியம் நீரில் புதைந்து உழும். சிறிது திருப்பினாலே படகு வெடுக்கெனத் திரும்பும். பின்னாலிருந்து அலை வரும்போது அது பேராபத்தாகும்.

ஆணியாலும் எடையாலும் தீராவிடில் அடித்தளத்தைச் சோதிக்க வேண்டும். படகைக் கவிழ்த்தோ உயர்த்தியோ, பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். சட்டத்தின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடித்தளம் குழிந்துள்ளது. சட்டம் நடுவில் தட்டி இரு முனைகளும் ஆடினால் அடித்தளம் புடைத்துள்ளது. புடைத்த அடித்தளம் அணியத்தை எழுப்பி அடிக்கச் செய்யும். குழிந்த அடித்தளம் அமரத்தை உயர்த்தி அணியத்தை அமுக்கும். குழிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அப்பக்கம் உயர்ந்து படகு மறுபக்கமாகச் சாயும்.

இக்குறைகள் நெடுங்காலம் தவறாக நிறுத்தி வைத்ததால் நேர்பவை. இயந்திரத்தைக் கழற்றாமல், பின்பலகைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் படகை நிறுத்தினால், பின்முனை மெல்ல மெல்லத் தொங்கிக் குழிவு உண்டாகும். ஆதலின், இழுவண்டியிலாயினும் கட்டைகளின் மேலாயினும், பின்பலகைக்கு நேர் கீழே தாங்கல் இருத்தல் கட்டாயம். சிறிய குழிவை எப்பாக்சிக் கலவையால் நிரப்பி நேராகத் தேய்க்கலாம். சிறிய புடைப்புக்குப் பின்னோரத்தின் அடியில் ஆப்பு வடிவத் தகடுகளைப் பொருத்துவது வழக்கம். அழுத்தினால் அடித்தளமே அமுங்குமாயின், உள்ளேயிருக்கும் தாங்குசட்டங்கள் முறிந்தன என்பது பொருள். அத்தகைய படகை நீரில் இறக்கக் கூடாது.

ஒருபுறம் சாய்தலும் ஒருபுறம் இழுத்தலும்

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புகின்றனர். படகின் உடல் ஒரு பக்கம் தாழ்வது சாய்தல். கைப்பிடியோ சுக்கான் சக்கரமோ ஒரு பக்கம் திரும்ப முயல்வது இழுத்தல்.

பின்னாலிருந்து பார்க்கும்போது பெரும்பாலான விசிறிகள் வலஞ்சுழியாகச் சுழல்கின்றன. விசிறி ஒரு திசையில் சுழலும்போது, அதன் எதிர்விசை படகை மறுதிசையில் புரட்ட முயலும். ஆகையால் படகின் இடப்பக்கம் சற்றே தாழ முற்படும். சக்கரம் வைத்த சிறு படகுகளில் ஓட்டுபவரின் இருக்கை வலப்பக்கம் இருப்பதன் பயன்களுள் ஒன்று, அவருடைய எடை இவ்விசையைச் சமன்செய்வதாகும். இருக்கையை இடம் மாற்றிப் புதுப்பித்த படகு சாய்ந்து ஓடுவதில் வியப்பில்லை. மின்கலத்தையோ எரிபொருளையோ உயர்ந்த பக்கத்துக்கு நகர்த்திச் சமன்செய்யலாம்.

இழுத்தலுக்கு மருந்து வேறு. காற்றுத் தடுப்புத் தகட்டின் அடியில், விசிறிக்குச் சற்றுப் பின்னே, மீன்துடுப்பைப் போன்ற சிறு தகடு ஒன்று பல இயந்திரங்களில் உண்டு. அதன் திருகாணியைத் தளர்த்தினால் தகட்டை இரு பக்கமும் திருப்பலாம். படகு வலப்பக்கம் இழுத்தால், துடுப்பின் பின்முனையை வலப்பக்கமாகச் சிறிது திருப்ப வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இது முரணாகத் தோன்றினும் உண்மை. துடுப்பின் மேல் பாயும் நீர் அதனை எதிர்த்திசையில் தள்ளி இழுப்பைச் சரிக்கட்டுகிறது. சிறிது சிறிதாகத் திருப்பி ஓட்டிப் பார்ப்பதே முறை. இத்துடுப்பு பல இயந்திரங்களில் துருவைத் தடுக்கும் துத்தநாகத் தகடாகவும் பணிபுரிகிறது. உப்புநீர் கலக்கும் முகத்துவாரங்களில் அது விரைவில் கரையும். துரு பிடிக்குமென்று எண்ணி அதன்மேல் சாயம் பூசினால் அதன் பயன் கெட்டுவிடும்.

சுக்கான் அமைப்பின் தளர்ச்சி

வேகம் கூடும்போது படகு இடமும் வலமுமாக மாறி மாறி உருளத் தொடங்கினால், சுக்கான் அமைப்பில் தளர்ச்சி உண்டா என்று உடனே பாருங்கள். ஒருவர் இயந்திரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சக்கரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். சக்கரம் நெடுந்தூரம் வெறுமனே திரும்பினால் கம்பியோ இணைப்போ தேய்ந்துவிட்டது. மிகப் பழைய படகுகளில் கயிறும் கப்பியும் கொண்ட அமைப்பு இருக்கும். அக்கம்பிக் கயிற்றில் ஓரிழை அறுந்திருந்தாலும் முழுவதையும் மாற்றுவதே பாதுகாப்பு. இயந்திரம் திரும்புகின்ற அச்சுக்குக் கடற்பணிக்குரிய மசகு இடுதல் வேண்டும். கைப்பிடி இயந்திரங்களில் திருப்பத்தின் இறுக்கத்தைக் கூட்டும் திருகு உண்டு. கைக்குச் சற்றே தடை தெரியும் அளவுக்கு அதனை வைத்தால் போதும்.

ஓடும்போது இவ்வுருளல் தோன்றினால், சக்கரத்தைத் திருப்பித் திருப்பி அடக்க முயலாதீர்கள். விசையைப் படிப்படியாகக் குறையுங்கள். திடீரென நிறுத்தினால், பின்தொடரும் அலை தாழ்ந்த பின்பலகையைத் தாண்டிப் படகினுள் புகும்.

விசிறியின் குறைகள்

ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டை, நிப்பா மட்டை, நெகிழிப் பை ஆகிய மூன்றும் விசிறிக்குப் பகைகளாம். மலாய் நண்பர்கள் 'கிப்பாஸ்' என்று கூறும் இவ்விசிறியின் இதழ் சிறிது வளைந்தாலும் அதிர்வு உண்டாகி, விசையில் ஒரு பகுதி வீணாகும். விசிறியைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

இயந்திரம் உரத்து இரைந்தும் படகு வேகம் கொள்ளாவிடில் காரணங்கள் இரண்டு. விசிறி காற்றை விழுங்குவது ஒன்று. விசிறியின் நடுவிலுள்ள இரப்பர்ப் பகுதி தேய்ந்து வழுக்குவது மற்றொன்று. இரண்டாவதை அறிய எளிய வழியுண்டு. விசிறியின் உள்வளையத்திலிருந்து வெளியுடல் வரை சாயத்தால் நேர்கோடு ஒன்று இட்டு, படகை விசையோடு ஓட்டித் திரும்புங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் இரப்பர் வழுக்கியுள்ளது.

விசிறியின் மேல் பொறிக்கப்பட்டுள்ள இரு எண்களுள் முன்னது விட்டம். பின்னது, ஒரு சுற்றில் விசிறி வழுக்காமல் முன்னேறக்கூடிய தூரம். அதனை முன்னேற்றம் எனலாம். இரண்டும் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். முன்னேற்றத்தை ஓரங்குலம் குறைத்தால் இயந்திரத்தின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். நிறைந்த சுமையோடு முழு விசையில் ஓடும்போது, கையேட்டில் குறித்த சுழற்சியை எட்டாத இயந்திரத்துக்கு முன்னேற்றம் குறைந்த விசிறியே ஏற்றது.

கணக்கிட்டு அறிதல்

கண்ணால் மதிப்பிடுவதைவிடக் கணக்கு நம்பத்தக்கது. ஆற்றில் ஓட்டிப் பார்க்கும்போது நீரோட்டம் நம்மை ஏமாற்றும். ஆகவே, அளந்த தூரத்தை இரு திசையிலும் ஓட்டி, இரு வேகங்களின் சராசரியைக் காண வேண்டும். சான்றாக, 500 மீட்டர் தூரத்தைக் கீழ்நோக்கி 50 வினாடியிலும் மேல்நோக்கி 62.5 வினாடியிலும் கடந்ததாகக் கொள்வோம். முதல் வேகம் வினாடிக்கு 10 மீட்டர்; இரண்டாவது 8 மீட்டர். சராசரி 9 மீட்டர், அதாவது மணிக்கு 32.4 கிலோமீட்டர்.

அவ்வியந்திரம் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுழன்றது என்றும், பற்சக்கரம் அதனைப் பாதியாகக் குறைக்கிறது என்றும், விசிறியின் முன்னேற்றம் 13 அங்குலம், அதாவது 33 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். விசிறி நிமிடத்துக்கு 2,500 சுற்று சுழலும். வழுக்காவிடில் படகு நிமிடத்துக்கு 825 மீட்டர், மணிக்கு 49.5 கிலோமீட்டர் சென்றிருக்க வேண்டும். சென்றதோ 32.4 கிலோமீட்டரே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நழுவிப் போயிற்று. எடை குறைந்த சிறு படகில் இந்நழுவல் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருப்பது இயல்பு. ஆதலால், இப்படகில் விசிறியோ, உயரமோ, எடையோ பிசகியிருக்கிறது என்பது தெளிவாகிறது. இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பதால் இது தீராது.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஆணியையும் எடையையும் விசிறியையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் குணமானது என்பது தெரியாமற் போகும். செய்த மாற்றத்தையும் கண்ட விளைவையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சோதனை ஓட்டத்தின்போது பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வழக்கமான சுமைக்கு ஈடாக நீர் நிரப்பிய கலன்களை, நகராதபடி கட்டி ஏற்றிக்கொள்ளலாம்.

படகில் உள்ள ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிதல் வேண்டும். அதனை இருக்கையின் அடியில் வைத்திருப்பதால் பயனில்லை. பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் தம் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அந்நொடியே நின்றுவிடும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் இவ்வமைப்பு இல்லை. அவற்றுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பழைய படகுக்குச் செய்யும் செலவுகளுள் இதுவே முதலாவதாக இருக்கட்டும். படகின் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை பற்றி அருகிலுள்ள கடல்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து நடத்தல் நலம்.

முதலில் எடை, அடுத்துப் பின்பலகை, பின்னர் உயரமும் கோணமும், அதன்பின் சுக்கானும் துடுப்புத் தகடும், இறுதியில் விசிறி என்னும் வரிசையில் சோதித்து வந்தால், குறை எங்கே உள்ளது என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இவற்றுள் பல ஒரு திருகியும், நேரான சட்டமும், பொறுமையும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடியவை. முன்னோர் உழைத்துச் சேர்த்த படகைத் தூக்கி எறியவும் வேண்டா. அதன் குறையோடு ஆற்றில் இறங்கி உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டா. குறையை அறிந்து திருத்தினால், பழைய படகும் பல்லாண்டு காலம் நம்மைப் பத்திரமாகக் கரை சேர்க்கும்.